மாக்னா வீட்டுக் கடல்

1978 பிப்ரவரி பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு மாக்னாவின் வீட்டுக்குள் கடல் ஏறத் தொடங்கியது. எட்டு இருபதுக்கு உச்சம் தொட்டது. வீடு மலைச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து முப்பத்தொரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே படகுத்துறை, மீன் காயவைக்கும் மரச்சட்டங்கள், அண்டைவீட்டுக்காரன் எட்வினின் வீடு எல்லாம் காய்ந்துதான் கிடந்தன. நிலவறைக் கதவின் இடுக்கு வழியாக வந்த தண்ணீர் சமையலறை ஜன்னல் விளிம்புவரை உயர்ந்து, சற்று நின்று, வந்த வழியே இறங்கிப் போனது. மாக்னா வாசற்கதவைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வெளியே வழியவில்லை, நிலைப்படியோடு நின்றுகொண்டது. விரலை நனைத்துச் சுவைத்தாள். உப்பு. மீன் நிலையத்திலிருந்து இரவல் வாங்கி வந்த வெப்பமானி நான்கு டிகிரி காட்டியது. அன்று கடலில் எழுபது பாகம் ஆழத்திலும் அதே நான்குதான்; பாகம் என்பது இரு கை விரித்த நீளம். தண்ணீர் இறங்கும்போது அடுப்படியில் இரண்டு காட் மீனையும் ஒரு நட்சத்திர மீனையும் விட்டுப்போனது. காட் மீன்களை ஈரலோடு அவித்துச் சாப்பிட்டாள். நட்சத்திர மீனை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் வைத்திருந்தாள். மாலையில் தண்ணீர் மறுபடி ஏறி அதை எடுத்துக்கொண்டு போனது.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஃபியோர்டு என்பது மலைகளுக்கு நடுவே பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே நுழைந்த கடல். அதன் கரையில் நாற்பத்து மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீருக்குள் சொந்தமாக ஓர் இடம் உண்டு. அதற்கு வேலி கிடையாது, பட்டா கிடையாது, இரண்டு அடையாளங்கள் மட்டும்தான். படகிலிருந்து பார்த்தால் ஒரு பாறை ஒரு கூரைக்கு மேல் நிற்க வேண்டும். ஒரு மரம் ஒரு மலைவெடிப்புக்குள் தெரிய வேண்டும். அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் மீன். இந்த அடையாளத்தை அப்பனோ அம்மாவோ சாகும் தறுவாயில் ஒரு பிள்ளையின் காதில் மட்டும் சொல்வார்கள். கட்டிய புருஷனுக்குச் சொல்வதில்லை, பாதிரியாருக்கும் சொல்வதில்லை. யாராவது படகில் பின்தொடர்ந்தால் வேறெங்கோ நங்கூரம் போட்டு, நாள் முழுக்க வெறுந்தூண்டிலோடு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. எங்கே பிடித்தாய் என்று கேட்டால், கடலில் என்று சொல்வதுதான் எங்கள் ஊர் மரியாதை.

முந்தின கோடையில் தலைநகரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கப்பல் வந்தது. மலைக்குப் பின்னால் செம்புச் சுரங்கம் திறக்க ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. கல்லை மாவாக அரைத்துச் செம்பை எடுத்தபின் மிஞ்சும் சகதியைக் குழாய் வழியே எங்கள் ஃபியோர்டின் அடியில் கொட்ட உத்தரவு கேட்டிருந்தார்கள். கப்பலில் வந்த ஆனிகென் என்ற இளம் ஆய்வாளர் நான்கு இடங்களில் அடிமண்ணை அள்ளிப் பார்த்தாள். நான்கிலும் சேறுதான் வந்தது. பிறகு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அடியில் என்ன இருக்கிறது, மீன் எங்கே முட்டையிடுகிறது என்று கேட்டாள். நாற்பத்து மூன்று வீடுகளிலும் அவளுக்குக் காப்பி கிடைத்தது. நாற்பத்து மூன்று வீடுகளிலும் ஒரே பதில்: ஒன்றுமில்லை. மாக்னா ஒருபடி மேலே போனாள். வாஃபிள் அப்பம் சுட்டு, அதன்மேல் பழுப்புச் சீஸைத் தாராளமாகச் சீவிப் போட்டு, கழுகுப்பாறைக்குக் கீழே செத்த பூனைகூடக் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த இடம் அவளுடையது.

டிசம்பரில் அறிக்கை அச்சாகி வந்தது. உள்ளூர் மக்களின் ஒருமித்த சாட்சியத்தின்படி இந்த ஃபியோர்டு உயிரற்றது என்று எழுதியிருந்தது. மே பத்தொன்பதாம் தேதி பள்ளிக்கூடத்தில் விசாரணை, அதற்குப் பிறகு குழாய். படித்த அன்று ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீடும் மற்ற நாற்பத்திரண்டில் ஒன்று வாயைத் திறக்கும் என்று காத்திருந்தது. என் வீடும் அப்படித்தான் காத்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் என்மேல் கோபம் வருகிறது.

மாக்னாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புருஷன் ஆர்னுல்ஃப் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தனியாகவே படகில் போய்த் தூண்டில் போடுவாள். மற்ற நாட்களில் மீன் நிலையத்தில் மீன் வெட்டுவாள். முதல் இரண்டு நாள் கடலை வாளியால் இறைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து யோசித்தாள். நான்காம் நாள் கட்டிலை மச்சுக்கு ஏற்றினாள், நாற்காலிகளை உத்தரத்தில் தொங்கவிட்டாள், நெஞ்சுவரை வரும் ரப்பர்க் காலுறையை வாசலில் ஆணியடித்து மாட்டினாள். வானொலியில் மீனவர்களுக்கான கடலேற்ற நேரத்தைக் கேட்டு அதன்படி சமைத்தாள், அதன்படி தூங்கினாள். சாமான்கள் ஊறிப்போகவில்லை. தண்ணீர் இறங்கிய அரை மணியில் சுவர் காய்ந்துவிடும், உப்பு மட்டும் ஒரு கோடாக மிஞ்சும்.

மார்ச் மாதத்தில் நடையில் கடற்பாசிக் காடு முளைத்தது. ஏற்றத்தில் நிமிர்ந்து நின்று ஆடும், வற்றத்தில் தரையில் படுத்துக்கொள்ளும், மாக்னா அதைத் தாண்டிப் போவாள். பாசியின் இலைகளில் நகக்கண் அளவு நத்தைகள். மச்சுப் படிக்கு அடியில் ஓர் ஓநாய் மீன் குடியேறி, கடல் முள்ளிகளைக் கடித்து நொறுக்கும் சத்தம் மாடியில் கேட்டது. சாப்பாட்டு மேசையின் அடிப்பலகையில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகள் ஒட்டிக்கொண்டன. ஹெர்ரிங் கூட்டம் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னல்வரை போய்த் திரும்பியது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி ஓர் உருண்டை மீன் வந்து, வயிற்றிலுள்ள உறிஞ்சியால் அடுப்பின் இரும்புக் காலில் ஒட்டிக்கொண்டது. பெண் மீன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விட்டது. அப்பன் மீன் காவலுக்கு நின்றுவிட்டது. தண்ணீர் வற்றினாலும் அது நகரவில்லை, வாயில் மிஞ்சிய தண்ணீரை முட்டைமேல் துப்பிக்கொண்டு மாக்னாவை முறைத்தது. முட்டை வெந்துவிடுமே என்று ஏழு வாரம் அவள் அடுப்பு மூட்டவில்லை. அந்த ஏழு வாரமும் எட்வின் வீட்டில்தான் ரொட்டியும் வாஃபிளும் சுட்டாள், காப்பியையும் அங்கேயே போட்டுக் கொண்டுவந்தாள்.

எட்வினுக்கும் அவளுக்கும் ஒரு பழைய கதை இருந்தது. 1961இல் எட்வின் தன் படகுக் கொட்டகையைப் பிரித்து இருபது மீட்டர் தள்ளிக் கட்டப் பார்த்தான். மாக்னா ஏணி வைத்துக் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூன்று நாள் இறங்க மறுத்தாள். ஏன் என்று சொல்லவும் இல்லை. அவளுக்கு எட்வின்மேல் ஒரு கண் என்று ஊர் பேசிக்கொண்டது. ஆர்னுல்ஃப் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. எட்வின் கொட்டகையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கல்யாணமும் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டான்.

ஊராட்சித் தலைவர் ஹில்மார் மார்ச் கடைசியில் மேலே ஏறி வந்தார். நல்ல மனிதர். சுரங்கம் வர வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"ஏம்மா மாக்னா, இப்படி ஊர் மானத்த வாங்குறியே. ஒரு பம்ப்ப வச்சு இறைச்சுத் தொலைய வேண்டியதுதானே?"

"ஃபியோர்டையா? நீதான் தலைவராச்சே, நீயே வந்து இறை. நான் வாளி தர்றேன்."

"பள்ளிக்கூடத்துல பதினோரு பிள்ளைங்கதான் மிச்சம். சுரங்கம் வரலேன்னா அதையும் மூடிருவாங்க. அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்தப் பதினொண்ணும் பெரிசாகித் தூண்டில் போட்டா சகதி வருமே, அது தெரியுமா உனக்கு?"

ஹில்மார் முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு இறங்கிப் போனார். மறுநாள் மாக்னா தலைநகரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஃபியோர்டு செத்துவிட்டது என்கிறீர்கள், அது என் வீட்டில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று எழுதி, வந்த உயிர்களின் பட்டியலையும் இணைத்தாள். குடியிருப்புக்குள் காணப்படும் உயிரினங்கள் கடல் ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டா, நீர்க்கசிவுக்கு உள்ளூர்க் குழாய்ப் பணியாளரை அணுகவும் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் குழாய்ப் பணியாளர் கிடையாது.

ஆனால் அந்தக் கடிதத்தை ஆனிகெனும் படித்திருந்தாள். ஏப்ரலில் விடுப்புப் போட்டுவிட்டு, கண்ணாடி ஜாடிகளோடு தனியாக வந்தாள். ஏற்றத்தின்போது மச்சுப் படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் முகத்தை வைத்து வைத்து எடுத்து இரண்டு மணி நேரம் பார்த்தாள். நிலவறைப் படிக்கட்டில் ஆளுயரச் சிவப்புப் பவளமரம் ஒன்று நின்றது. போன வாரம் அது அங்கே இல்லை, ஆனால் அதன் அடிமரத்தில் இருநூறு வருடத் தடிமன் இருந்தது. கிளைகளில் நூறு கை விரித்த கூடை நட்சத்திர மீன்கள் பிடித்துத் தொங்கின. ஆனிகென் முகத்தை எடுத்தபோது அழுதிருந்தாள். உப்புத் தண்ணீர் என்பதால் அவளால் அதை மறைக்க முடிந்தது.

"போன வருஷம் உங்ககிட்டக் கேட்டேனே, கழுகுப்பாறைக்குக் கீழ ஏதாவது இருக்கான்னு. செத்த பூனைகூட இல்லேன்னீங்களே!"

"ஆமா, சொன்னேன்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ கேட்டியே, அதனாலதான்."

ஆனிகெனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நாற்பத்து மூன்று காப்பியையும் நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இந்தப் பவளம் கடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் எழுத முடியும், வீட்டு முகவரியை எழுதினால் சிரிப்பார்கள் என்றாள். மாக்னா காப்பிப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். அவள் அப்பா 1949இல் அவள் காதில் சொன்னது அது. ஆர்னுல்ஃப் இரண்டு முறை கேட்டான், என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா என்றுகூடக் கேட்டான். சொல்லவில்லை. அவனுக்கே சொல்லாததைத் தலைநகரத்துக்காரிக்கு எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஆனிகென் கண்ணாடி ஜாடிகளை எடுத்துக்கொண்டு படகேறினாள். அந்த வாரம் தண்ணீர் ஒரு சாண் கூடுதலாக ஏறியது.

மே பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்பு கொண்டாடிய தேசிய நாளின் கொடிகள் இன்னும் கம்பங்களில் பறந்துகொண்டிருந்தன. விசாரணை நடத்த வந்த அதிகாரி திரு. ப்ரூன் நெட்டையானவர், நேர்மையானவர், கோப்புக் கட்டை அக்குளில் இடுக்கியே பழகியவர். குறிப்பெழுத ஆனிகென் கூட வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஊரே கூடியது. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ப்ரூன் மூன்று முறை கேட்டார். வாய் திறந்தால் இடத்தைச் சொல்ல வேண்டும். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. பதினொரு மணிக்கு அவர் கோப்புகளைக் கட்டினார். மூன்று மணிக்குப் படகு ஏறும்வரை குறிப்பு திறந்திருக்கும், சட்டம் அப்படி, அதற்குள் யாராவது வரலாம் என்று சொன்னார். அவர் சொன்ன விதத்தில், யாராவது வந்தால் தேவலை என்று அவரே நினைத்தது போல இருந்தது.

மாக்னா எழுந்து அவரைக் காப்பிக்குக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் காப்பியை மறுக்கிற வழக்கமில்லை.

"அந்தத் தண்ணி வர்ற வீடா? இப்ப வருமா?" என்று ப்ரூன் எட்வினைக் கேட்டார்.

"ச்சே ச்சே, இப்பவா? சாயங்காலம் ஆறுக்கு மேலதாங்க. நீங்க தைரியமாப் போங்க," என்றான் எட்வின். அன்றைய உச்சம் பகல் பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. துறையில் கட்டியிருந்த நாய்க்குக்கூட அது தெரியும்.

ப்ரூன் சமையலறை மேசையில் அமர்ந்து இரண்டாவது வாஃபிளைக் கடிக்கும்போது தண்ணீர் அவர் காலணிக்குள் நுழைந்தது. கீழே பார்த்தார். கோப்புக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் மடிக்கு வந்ததும் எழுந்து நின்றார். அதற்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. சமையலறையில் பாதி, மச்சுப் படியில் கொஞ்சம், மிச்சம் வெளியே ஜன்னல்களில் காய்ந்த தரையில் நின்று எட்டிப் பார்த்தது. ஓட நினைத்திருந்தால் அவர் ஓடியிருக்கலாம், வாசல் நான்கு எட்டுதான். ஆனால் அவரும் பிடிவாதக்காரர். அரசாங்கத்து ஆள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார் என்று பேச்சு வரக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். அடுப்போரம் ஒதுங்கினார். முட்டைக்குக் காவல் நின்ற உருண்டை மீன் அவர் முழங்காலில் ஒரு முட்டு முட்டியது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

தண்ணீர் அவர் மார்புக்கு வந்து நின்றது. கோப்பு தலைக்கு மேலே இருந்தது. ஹெர்ரிங் கூட்டம் அவரைச் சுற்றிப் போய்த் திரும்பியது. அப்போது மாக்னா பேசினாள். முப்பது வருடம் பூட்டிக் கிடந்த கதவைத் தோளால் இடித்துத் திறப்பது போல இருந்தது அவள் பேச்சு.

"குறிப்பு இன்னும் திறந்துதான இருக்கு? அப்ப எழுதிக்கம்மா ஆனிகென். சர்ச்சுக் கோபுரம் எட்வினோட படகுக் கொட்டகைக் கூரைக்கு நேர் மேல நிக்கணும். கழுகுப்பாறை வெடிப்புக்குள்ள வெள்ளைக் கல்லு தெரியணும். ரெண்டும் சேர்ற எடம், எழுபது பாகம். அங்கதான் இந்தச் செவப்பு மரமெல்லாம் காடா நிக்குது. எங்கப்பா எனக்குச் சொன்னது. என் புருஷனுக்கே நான் சொல்லல. இப்ப ஊருக்கே சொல்றேன். யாரு வேணா போங்க, யாரு வேணா பிடிங்க. ஆனா செத்த கடல்னு மட்டும் ஒருத்தனும் எழுதக்கூடாது. எழுத விடமாட்டேன்."

எங்கள் ஊரில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. பெண்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நடுத்தெருவில் ஒருத்தி துணி அவிழ்த்ததைப் பார்த்துவிட்டது போல. பிறகு எட்வினின் குரல் வந்தது.

"அடிப்பாவி! என் கூரைய வச்சா? அன்னைக்கு மூணு நாளு மேல ஏறி உக்காந்தது இதுக்குத்தானா? நான் வேற என்னமோ நெனச்சில்ல இருந்துட்டேன் இத்தன வருஷமா!"

தண்ணீருக்குள் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாக்னாவும் சிரித்தாள், கொஞ்சம் சிவந்தும் போனாள். எட்வின் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, அதே மூச்சில் தன் இடத்தைச் சொன்னான்: வெள்ளை வேலிக்கு மேல் மொட்டைப்பாறை, நாற்பது பாகம், ஏப்ரலில் காட் மீன் அங்கே முட்டையிடும். அதன்பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஜன்னல்களிலிருந்தும் படியிலிருந்தும் கத்திக் கத்திச் சொன்னோம். நானும் சொன்னேன், சொல்லும்போது எனக்குக் காய்ச்சல் விட்டது போல இருந்தது. இருபது வருடம் பேசாத அண்ணன் தம்பி இருவர் சொன்னது ஒரே இடம். செத்துப்போன அப்பன், உனக்கு மட்டும்தான் என்று இருவர் காதிலும் சொல்லியிருக்கிறான். இருவரும் அப்பனைத் திட்டிக்கொண்டே கைகொடுத்துக்கொண்டார்கள். ஆனிகென் தாளைச் சுவரில் வைத்து எழுதினாள், தாள் நனைந்ததும் சுவரிலேயே எழுதினாள்.

நாற்பத்திரண்டு ஆனது. எல்லோரும் ஹில்மாரைப் பார்த்தோம். அவர் கதவோரம் கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், குட்டையான மனிதர்.

"என்னைப் பாக்காதீங்கய்யா," என்றார். பிறகு சொன்னார்: "அவங்க குழாய் வாய் எங்க வருதோ, அதான் எங்க எடம். வரைபடத்துல பாத்தப்பவே தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பிள்ளைங்க இருக்கேன்னு... எழுதிக்கம்மா. ஐம்பத்தஞ்சு பாகம். எங்கம்மா சொன்ன எடம்."

அவர் அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் நகராமல் நின்றார்கள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது ப்ரூன் கோப்புக் கட்டைக் கீழே இறக்கினார். ஒருமித்த சாட்சியம் இப்போது வேறு மாதிரி ஒருமித்திருக்கிறது, இதை எழுதாமல் என்னால் போக முடியாது என்றார். சுவரில் இருந்ததைப் படியெடுக்க நேரமானதால் அவர் படகைத் தவறவிட்டார். எட்வின் வீட்டில் தங்கினார். அன்று மாலைதான் அடுப்புக் காலில் முட்டைகள் பொரிந்தன. அப்பன் மீன் அடுத்த ஏற்றத்தில் யாரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

ஆகஸ்டில் கப்பல் மறுபடி வந்து மூன்று வாரம் நின்றது. நாற்பத்து மூன்று வீடுகள் சொன்ன இடங்களிலும் இறங்கிப் பார்த்து இருநூற்றுப் பதினான்கு வகை உயிர்களை எழுதினார்கள், அதில் இரண்டுக்குப் பெயரே கிடையாது. உத்தரவு கிடைக்காமல் கம்பெனி போய்விட்டது. துறையில் இறக்கி வைத்த குழாய்களில் மட்டிகள் ஒட்டி வளர்ந்தன, அவற்றைப் பறித்து அவித்துத் தின்றோம். பள்ளிக்கூடத்தை 1984இல் மூடினார்கள். ஹில்மார் சொன்னது சரிதான், அதற்காக நாங்கள் அழவும் செய்தோம். ஆனால் அந்தப் பதினொரு பேரில் ஏழு பேர் இன்று இதே ஃபியோர்டில் தூண்டில் போடுகிறார்கள், அவர்கள் தூண்டிலில் மீன்தான் வருகிறது. அடுத்தவன் இடத்தில் நங்கூரம் போட இதுவரை யாருக்கும் மனசு வரவில்லை. எட்வின் மட்டும் எண்பதாம் வருடம் முதல் மாக்னாவின் படகில் அவள் இடத்துக்கே போய்வந்தான், அதைப் பற்றி ஊர் பேசுவதை நிறுத்திவிட்டது.

உண்மையைச் சொல்லிவிட்டால் கடல் வீட்டைவிட்டு இறங்கிவிடும் என்று நினைத்தோம். இறங்கவில்லை. வேறு வீடு கட்டித் தருகிறோம் என்று ஊராட்சி கேட்டது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், என் பாட்டுக்கு நான் இருக்கேன், யாரு யாருக்குப் பயந்து போறது என்றாள் மாக்னா. 1981 முதல் மாவட்டக் கடலேற்ற அட்டவணையில், துறைமுகங்களின் பெயர்களுக்குக் கீழே, மாக்னா வீடு என்று தனி வரி அச்சாகிறது. எங்கள் எல்லோர் சமையலறையிலும் அது தொங்குகிறது. இப்போதும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோப்புக் கட்டை இடுக்கிக்கொண்டு ஒரு புது ஆள் படகிலிருந்து இறங்கி, இந்தத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நாங்கள் அட்டவணையைப் பார்த்து, உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக அவரை மேலே காப்பிக்கு அனுப்பி வைக்கிறோம்.